மேல்முடியும் கீழ்முடியும்

ஒரு தலைக்கு ஒரு முடி இருந்தாலே அதோடு மல்லுக்கட்டப் பொழுது போதாது. பிம்பேயின் தலையில் இரண்டு இருந்தன. வேரிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு அவளுடைய சொந்த முடி. கருகருவென்று, சுருண்டு சுருண்டு, சீப்பை உள்ளே விட்டால் வெளியே விடாத முடி. அதற்குக் கீழே தோள்வரைக்கும், சுருளை நேராக்குகிற கிரீம் போட்டு நீட்டிய பழைய முடி. அது சொன்ன பக்கம் படுக்கும், தள்ளின பக்கம் போகும். கிரீமை நிறுத்திப் பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டு முடியும் சந்திக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கோடு உண்டு. ஒடிகிற முடியெல்லாம் அந்தக் கோட்டில்தான் ஒடியும்.

சனிக்கிழமை காலையில் தலைக்குத் தண்ணீர் விட்டாளோ இல்லையோ, இரண்டுக்கும் சண்டை ஆரம்பமாகிவிடும். மேல்முடி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருங்கிப் போய் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். கீழ்முடி கழுத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். மேலே ஷியா வெண்ணெய் வைத்தால்தான் வழிக்கு வரும். அதே வெண்ணெய் கீழே பட்டால் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளும். கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாளானால், தலையைப் பன்னிரண்டு பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்து முடிக்க மதியம் ஒரு மணியாகும். எழுந்திருக்கும்போது காலடியில் ஒரு கைப்பிடி முடி கிடக்கும்.

"நான் ரெண்டு பொண்டாட்டி கட்டினவன்," என்பான் அவள் புருஷன் கயோடே, வந்தவர்களிடமெல்லாம். "ரெண்டும் ஒரே தலையில இருக்கு, அதான் செலவு கம்மி."

கீழ்முடியை வெட்டி எறிந்துவிட்டால் சண்டை அன்றோடு தீர்ந்தது. அது பிம்பேக்குத் தெரியாததல்ல. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிற பிளெஸிங், ஆறாம் மாதமே அவள் தலையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாள். "அக்கா, ஒண்ணு வெட்டுங்க, இல்ல கிரீம் போடுங்க. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு எத்தன நாளைக்கு நிப்பீங்க?"

ஆனால் இலேஷா ஊரில் கல்யாணமான ஒருத்தி ஒட்ட வெட்டின தலையோடு தெருவில் இறங்கினால், முதலில் பார்க்கிறவள் மார்பில் கை வைத்துக்கொண்டு "யாரு போயிட்டா?" என்பாள். இரண்டாவது பார்க்கிறவள் கேட்கவே மாட்டாள், நேரே அழ ஆரம்பித்துவிடுவாள். கயோடேயே ஒருமுறை கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு, "நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், என்னைக் கொன்னுடாதடி," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிம்பே கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டாள். வளரட்டும், கொஞ்சம் கொஞ்சமாக நுனியை வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தக் கொஞ்சத்தையும் அவள் வெட்டவில்லை.

அவள் வேலை பார்த்தது ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குச் சீட்டுப் பதிகிற ஜன்னலில். நூறு பேர் பார்க்கிற முகம். அதனால் தினமும் காலையில் மேல்முடியை ஜெல் தடவி அமுக்கி, அகலத் துணிப்பட்டையைக் காதிலிருந்து காது வரைக்கும் இழுத்துக் கட்டிவிடுவாள். கீழ்முடியைப் பட்டைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்துத் தோளில் விட்டுக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு அவள் தலையில் எந்தக் கோளாறும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனாலும் அதே ஏற்பாடுதான். வீட்டுக்கு வந்து பட்டையை அவிழ்க்கும்போது நெற்றிப் பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும்.

இவ்வளவு பாடும் யாருக்காக என்றால், தெனிக்காக. ஒரே மகள், எட்டு வயது. அவளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் குளிப்பாட்டும்போது கேட்டாள்:

"அம்மா, என் முடி எப்ப முடியாகும்?"

"இது முடிதானேடி?"

"இது இல்லம்மா. உங்களது மாதிரி. நிஜ முடி."

பிம்பேயின் கையிலிருந்த சோப்பு நழுவி விழுந்தது. அந்தக் குழந்தையின் தலையில் அடர்ந்து நின்றது பிம்பேயின் அம்மாவின் முடி, அவளுக்கு முன்னால் இருந்தவர்களின் முடி. அதைப் போய் முடியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறதே! அன்றைக்கே கிரீம் டப்பாவைக் குப்பையில் போட்டாள். மகளைத் துடைத்து மடியில் உட்கார வைத்துச் சொன்னாள். "உன்னோடதுதான் நிஜ முடி. என்னோடதும் அப்படித்தான் இருந்துச்சு. மறுபடியும் வளக்கப் போறேன், பாரு. உனக்குப் பத்து வயசு ஆகும்போது நம்ம ரெண்டு பேர் தலையும் ஒரே மாதிரி இருக்கும்." தெனி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் பிம்பே பதின்மூன்று மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் தன் தலையைக் கண்டு கூசாமல் வளர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவே.

ஆனால் சொல்வது சுலபம். பள்ளிக்கூடத்து வாசல் பலகையில் ஒவ்வொரு வாரமும் என்ன பின்னல் என்று எழுதிப் போட்டுவிடுவார்கள். இந்த வாரம் எல்லாம் பின்பக்கம், அடுத்த வாரம் உச்சிக் கொண்டை, அதற்கடுத்த வாரம் நூல் சுற்றினது. திங்கட்கிழமை அந்தப் பின்னலில் வராத பெண்ணை வரிசையிலிருந்து தனியாக நிறுத்துவார்கள். ஆகவே ஞாயிறு சாயங்காலம் தோறும் தெனி அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் சிறைப்பட்டு உட்காருவாள். பிம்பேக்குப் பின்னல் கை கிடையாது. அவளே ஏழு வயதிலிருந்து கிரீம் தலைக்காரி. சுருள் முடியைப் பிடிக்கவே அவளுக்கு யாரும் பழக்கவில்லை. இழுக்கக் கூடாத இடத்தில் இழுப்பாள். தெனி அலறுவாள். இரண்டு சீப்புக்குப் பல் உடைந்தது. "இதோ முடிஞ்சிடுச்சுடா, இதோ முடிஞ்சிடுச்சு," என்று அவள் சொல்லச் சொல்ல அழுகை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் இரண்டு பேரும் அழுதிருப்பார்கள். மகளுக்குத் தெரியாமல் இவள் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

கயோடேயின் அக்கா வுராவோலாவுக்கு ஐம்பது வயது நிறைந்தது அந்த வருஷம்தான். வியாழக்கிழமை சாயங்காலம் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். பிம்பே ஓடிப்போய் மண்டியிட்டு வணங்கினாள்.

"எழுந்திரு, எழுந்திரு, என் பொண்டாட்டி! புருஷன் வந்திருக்கேன், தண்ணி கூடக் குடுக்க மாட்டியா?"

அந்த ஊர் வழக்கத்தில், கட்டிக்கொண்டு வந்தவள் அந்த வீட்டில் பிறந்த அத்தனை பேருக்கும் பொண்டாட்டிதான். அதில் ஆண் என்ன, பெண் என்ன. வுராவோலாவைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் கதை சொல்கிறவனுக்குச் சுலபம், சொல்ல முடியாது. அம்மா போன பிறகு தம்பியைத் துணி விற்றுப் படிக்க வைத்தவள் அவள். தெனி பிறந்தபோது பதினோரு நாள் பிம்பேயின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தவள். அப்படிப்பட்டவர்களிடம்தான் எதையும் மறுத்துப் பேச முடியாது.

"சனிக்கிழமை கேக் வெட்டுறப்ப, கத்திய தட்டுல வச்சுத் தூக்கிட்டு என் முன்னாடி தெனிதான் வரணும். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். பள்ளிக்கூடம்தான் லீவாச்சே. பிளெஸிங் கடையில தலை, அப்புறம் சட்டை, செருப்பு எல்லாம் நான் பாத்துக்கறேன்."

பிம்பே தண்ணீர்த் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, தலைக்குப் பின்னல் மட்டும் போதுங்கக்கா. நூல் சுத்தினாலும் சரி. கிரீம் மட்டும்..."

"கிரீம் மட்டும்?"

"வேண்டாங்கக்கா."

வுராவோலா வயிறு குலுங்கச் சிரித்தாள். "யாரு பேசறா பாரு! அடியே, முதல்ல உன் தலையக் கண்ணாடியில பாரு. மேல ஆடு, கீழ குதிரை! இதை வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் நடத்துறா." தெனியும் சிரித்தாள். ஆடு, குதிரை என்று சொல்லிச் சொல்லிக் குதித்தாள். வேறு வழியில்லாமல் பிம்பேயும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான், நாத்தனார் சரி என்று சொல்லவே இல்லை என்பது உறைத்தது.

ராத்திரி சாப்பாட்டு வேளையில் புருஷனிடம் சொன்னாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து போன் போட்டாள். "சொன்னீங்களா?"

"எதை?"

"தெனி தலைய!"

"ஏய், நான் போய் அக்காகிட்ட முடி, கிரீம்னு என்னன்னு பேசறது? பொம்பளைங்க விஷயம். நீயே சொல்லு. ஒரு தலைமுடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

வுராவோலாவுக்கே போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விருந்து வீட்டில் யார் போன் எடுப்பார்கள்? நாலு தரம் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே வரிசை வளைந்து வாசல்வரை போயிருந்தது, முன்னால் நின்ற கிழவர், "மகளே, நான் செத்த பிறகு சீட்டு எழுதுவியா?" என்றார். பிம்பே எழுதினாள்.

அவள் போயிருக்கலாம். வாடகை பைக் ஓட்டுகிறவனுக்குக் கை காட்டினால் பிளெஸிங் கடைக்குப் பதினைந்து நிமிஷம். போய் என்ன செய்வாள்? நாற்காலியிலிருந்து மகளைப் பிடித்து இழுத்து வருவாளா, நாத்தனாரின் சிநேகிதிகள் இருபது பேர் தலையில் முடி உலர்த்துகிற கவசம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில்? அந்த அவமானத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் அவள் முகம் எது? இப்படி நினைத்து நினைத்தே மணி மூன்றாயிற்று. ஒருவேளை பின்னலோடு விட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பவில்லை, இருந்தாலும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை பகல் வுராவோலாவின் வீட்டு முன் பந்தலில் ஊரே கூடியிருந்தது. எல்லாருக்கும் ஒரே துணி, நீலத்தில் வெள்ளி இழை. தக்காளியும் மிளகாயும் போட்டு வேகவைத்த ஜொல்லாஃப் சோற்று வாசனை தெருக்கோடி வரைக்கும் அடித்தது. பிம்பே பந்தலுக்குள் நுழைந்து நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு பெண் குழந்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது. யார் வீட்டுக் குழந்தை என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். அது தெனி.

"அம்மா! பாருங்க, காத்துல ஆடுது!"

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக் காட்டினாள். முடி பளபளவென்று தோளில் வந்து விழுந்தது. இவ்வளவு நீளம் இருந்ததா அந்தச் சுருளுக்குள்ளே! பிம்பே விரல்களை வேருக்குள் விட்டுத் துழாவினாள். ஒரு சுருளாவது மிச்சம் இருக்காதா என்று தேடினாள். தோல்வரைக்கும் நேர். இடது காதுக்குப் பின்னால் விரல் ஈரமாயிற்று. அவரை விதை அளவுக்கு ஒரு கொப்புளம் உடைந்திருந்தது.

"அங்கத் தொடாதீங்கம்மா. நான் அழவே இல்ல தெரியுமா? அழுதா அழகு ஓடிடும்னு அத்தை சொன்னாங்க."

பிம்பேக்கு கிரீமின் அந்தப் பழைய வாடை மூக்கில் ஏறியது. ஏழு வயதில், சித்தியின் கல்யாணத்துக்கு முதல் நாள் அவளையும் இப்படித்தான் உட்கார வைத்தார்கள். எரிகிறது என்று கத்தினபோது தொடையில் ஒரு அடி விழுந்தது. அவளும் அதற்குப் பிறகு அழவில்லை. தன் மகளுக்கு இது நடக்கக்கூடாது என்றுதானே இத்தனையும்!

அதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அப்படியே அம்மாதான்! நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் ஒருத்தி. நடுவில் நாற்காலியில் ராணி மாதிரி வீற்றிருந்த வுராவோலா கையை நீட்டினாள். "என்ன என் பொண்டாட்டி, வாயில கொழுக்கட்டையா? உன் பொண்ண இவ்வளவு அழகாக்கி நிறுத்தியிருக்கேன், ஒரு நன்றி கிடையாதா?"

எல்லாக் கண்ணும் அவள் மேல் இருந்தது. பிம்பேயின் முழங்கால் அவளைக் கேட்காமலே மடங்கியது. "நன்றிங்கக்கா. கடவுள் உங்களுக்கு இன்னும் அம்பது வருஷம் குடுக்கட்டும்," என்றாள். எல்லாரும் ஆமென் என்றார்கள். அந்த முழங்கால்கள் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கேக் வெட்டி, ஆட்டம் ஓய்ந்த பிறகு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் நாத்தனார் தனியாக அகப்பட்டாள். பிம்பே குரலை இறக்கிக் கேட்டாள். "வேண்டாம்னு சொன்னேனேக்கா."

வுராவோலா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நான் எங்கடி போட்டேன்? பின்னத்தான் உக்கார வச்சேன். சீப்பு வச்சதும் ஊரக் கூட்டிட்டா. அப்பத்தான் பிளெஸிங் கேட்டா, 'பாப்பா, உனக்கு எப்படி வேணும்'னு. உன் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? 'எங்க அம்மாவோட கீழ்முடி மாதிரி'ன்னா! கடையே சிரிச்சுது. நம்பலேன்னா அவளையே கேளு. புள்ள ஆசையா கேக்குது, பொறந்தநாளும் அதுவுமா இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

பிம்பே நம்பினாள். அதுதான் வேதனை.

மறுநாள் கோயில் முடிந்து வந்ததும் கொல்லை நாற்காலியில் மகளை உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் களிம்பு தடவினாள். பிறகு, பலன் இல்லை என்று நன்றாகத் தெரிந்தும், கையைத் தண்ணீரில் நனைத்து ஒரு கற்றையை ஈரமாக்கினாள். விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நூறு வரைக்கும் எண்ணினாள். விரலை உருவினதும் கற்றை நேராகத் தொங்கியது.

"அது இனிமே சுருளாதும்மா," என்றாள் தெனி சந்தோஷமாக. "எப்பவுமே சுருளாதாம்."

"புதுசா முளைக்கறது சுருளும்."

"அப்ப மறுபடியும் போட்டுக்கலாம்."

பிம்பே அவள் எதிரில் வந்து குந்தினாள். "தெனி, நாம ரெண்டு பேரும் மேல்முடி வளக்கறோம்னுதானே பேச்சு? பத்து வயசாகும்போது ஒரே மாதிரின்னு? அப்புறம் ஏன் கீழ்முடி கேட்ட?"

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் எப்படி யோசிப்பாளோ அப்படி யோசித்தாள் தெனி. தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்கிற அக்கறை முகத்தில் இருந்தது. "வெளிய போறப்ப நீங்க மேல்முடிய பட்டை கட்டி மூடிடறீங்க. கீழ்முடியத்தான் எடுத்து வெளிய விடறீங்க. இன்னிக்குக் கோயிலுக்கும் அப்படித்தானே வந்தீங்க? நல்லா இருக்கறதைத்தானேம்மா வெளிய காட்டுவோம்?"

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள். பிம்பேக்கு விளங்கிவிட்டது. பதின்மூன்று மாதமாக வாயால் ஒன்றும் தலையால் ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பிள்ளை தலையைப் பார்த்துப் படித்துக்கொண்டது.

உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. துணிப்பட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கோடு எங்கே என்று விரலால் தடவித் தடவி, அந்த இடத்தில் வெட்டினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், அவளுக்கும் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. ஒவ்வொரு கற்றையாக மடியில் விழுந்தது, மடியிலிருந்து மண்ணில் விழுந்தது. கயோடே சன்னலில் எட்டிப் பார்த்து, "ஐயோ, என்னடி இது?" என்றான். அவள் திரும்பவே இல்லை. கடைசிக் கற்றையும் போன பிறகு மகளைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"பாரு தெனி. இதுதான் என் முடி. இனிமே மூட மாட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் இப்படியேதான் போவேன். உன்னோடதும் இதுதான், உள்ள இருக்கு, மறுபடியும் வரும். வர்ற வரைக்கும் அம்மா..."

இத்தனை நாள் முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்ட அழுகை மகள் முன்னால் கொட்டிற்று.

தெனி மண்ணில் கிடந்த முடியைப் பார்த்தாள். அம்மாவின் தலையைப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போயிற்று. அம்மாவுக்கு என்னவோ பெரிய நஷ்டம் வந்துவிட்டது என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி அருகில் வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா. பரவால்லம்மா. நான் அத்தைகிட்ட சொல்றேன், உங்களுக்கும் போட்டு விடுவாங்க. ரொம்ப எரியாது. நான் பக்கத்துலயே உக்காந்து கையப் பிடிச்சுக்கறேன்."

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அம்மாவின் தலைமுடியை அமுக்கி அமுக்கிப் படிய வைக்கப் பார்த்தாள்.